பழைய தையல் மிஷின் வாங்கப் போகிறீர்களா? பாபினைப் பாருங்கள்!

தீபாவளிக்கு நாற்பது நாள் இருந்த சமயம். அபர்தீன் பஜார் பக்கம் ஒருவர் பழைய தையல் மிஷின் ஒன்றை விற்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தேன். கறுப்பு உடல், தங்க நிறப் பூவேலை, அழியாத 'சிங்கர்' எழுத்து. "சுற்றிப் பாருங்கள் சார், வெண்ணெய் மாதிரி ஓடும்" என்றார். ஓடவும் செய்தது. பேரம் பேசி வாங்கி வந்துவிட்டேன்.

என் மனைவி அக்கம்பக்கத்தில் ரவிக்கைத் துணிகளை வாங்கி வைத்திருந்தாள். தைக்க உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுப் போயிற்று. ஷட்டிலின் நுனியைத் துரு தின்றிருந்தது. சென்னையில் இருக்கும் மைத்துனருக்குச் சொல்லிக் கடை கடையாகத் தேடச் சொன்னேன். "அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம்" என்று பதில் வந்தது. தீபாவளியும் வந்தது, துணிகள் வேறு தையற்காரரிடம் போயின. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

வாடகை, அரிசி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று சம்பளம் கரையும் நம் குடும்பங்களுக்குத் தையல் மிஷின் இரண்டாவது வருமானம். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேரவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் இந்தத் தீவுகளில், உதிரி பாகம் கிடைக்காத மிஷின் வெறும் இரும்புதான்.

எதை வாங்கலாம்?

முதலில் ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைத் தள்ளிப் பாருங்கள். வட்டமான பாபினும், அதை மூடும் பாபின் கேஸும், அவை செங்குத்தாகப் பொருந்தும் இடமும் இருந்தால் அநேகமாக அது சிங்கரின் '15' வகை. கல்கத்தாவில் ஜே எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் 1930களில் 'உஷா' மிஷின்களைச் செய்யத் தொடங்கிய பிறகு, இந்தியாவில் பரவிய வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பைச் சேர்ந்தவையே. லூதியானாப் பட்டறைகளில் இன்றும் இவற்றுக்குப் பாகங்கள் தயாராகின்றன. ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும்.

படகு போன்ற நீள ஷட்டிலும், அதனுள் குச்சி போன்ற பாபினும் இருந்தால் யோசித்து வாங்குங்கள். அது இன்னும் பழைய வகை. ஷட்டிலும் பாபின்களும் நல்ல நிலையில் கூடவே வந்தால் மட்டும் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் பாகங்களுக்காக அதே வகையில் இன்னொன்று தேட வேண்டியிருக்கும்.

உடலில் பொறித்த எண்ணையும் பாருங்கள். எழுத்தில்லாமல் எண் மட்டும் இருந்தால் அது 1900க்கு முந்திய சிங்கர். 'எஃப்', 'ஒய்' என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980ல் மூடப்பட்டுவிட்டது. புதுப் பெயின்ட் அடித்து, புதுப் பூவேலை ஒட்டிய மிஷினில் பெயரை நம்பாதீர்கள்.

வதந்திக்கும் விலை கொடுக்க வேண்டாம். பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருப்பதாக 2009ல் சவூதி அரேபியாவில் புரளி கிளம்பி, பழைய மிஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது. உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

எப்படிச் சரி செய்வது?

இறுகிப் போன மிஷினை வலிந்து சுற்றாதீர்கள். அடுப்பு இல்லாத இடத்தில் வைத்து, அசையும் மூட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மெல்ல அசைத்து, அழுக்கைத் துடைத்து, மிஷின் எண்ணெய் விடுங்கள். இங்கே தேங்காய்க்குப் பஞ்சமில்லை என்று தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி மறுபடியும் இறுக்கிவிடும்.

தையல் விட்டுப் போனால் முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசி கீழே போய் மேலெழும்போது நூல் ஒரு சிறு வளையமாகும். அதை ஷட்டில் நுனி பிடித்தால்தான் தையல் விழும். ஊசி வளைந்திருந்தாலும், திருப்பி மாட்டியிருந்தாலும், நுனி மழுங்கியிருந்தாலும் வளையம் தப்பிவிடும். கால் மிஷினின் தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் புதிது வாங்க வேண்டியதில்லை. கால் அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போட்டால் போதும்.

உப்புக் காற்றும் மழையும் இங்கே இரும்பின் எதிரிகள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வையுங்கள். ஊருக்குப் போய் வரும்போது இரண்டு பாபின் கேஸ், ஒரு டஜன் ஊசி, ஒரு பெல்ட் பெட்டியில் இருக்கட்டும்.

இயந்திரங்களைக் குறை கூறிய காந்தியடிகளே 1924ல் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்துப் பேசினார். அந்த நல்ல பொருள் நம் வீட்டில் ஓட வேண்டுமே! பின்னர் நாங்கள் பூவேலை மங்கிய '15' வகை மிஷின் ஒன்றை வாங்கினோம். அடுத்த தீபாவளிக்கு ஒரு துணிகூடத் திரும்பிப் போகவில்லை.