மாத்திரை டப்பா காலியாகும் முன்

2019-இல் அத்திவரதரைப் பார்க்கக் காஞ்சிபுரம் கொள்ளாத கூட்டம். அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கோயில்களில் தரிசனம் கிடையாது. கல்யாணங்கள் தள்ளிப்போனதால் பட்டுச்சேலை விற்பனை படுத்தது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தமும் குறைந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் காலம் வேறொரு விதத்திலும் ஆபத்தானது: மாத்திரை தடைப்பட்டது. மறுபடி ஒரு தொற்று வந்தால் நீங்கள் தடுமாறாமல் இருக்கவே இந்த விளக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையம் திறந்துதானே இருந்தது, மாத்திரை ஏன் தடைப்பட்டது?

கதவு திறந்திருந்தது. ஆனால் டாக்டரும் நர்சும் லேப் ஊழியரும் காய்ச்சல் முகாமுக்கும் சளி மாதிரி எடுப்பதற்கும் போக வேண்டியிருந்தது. பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. கூலி இல்லாத வாரத்தில் வெளிக்கடையில் மாத்திரை வாங்கவும் முடியாது. நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடமல்ல இது. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளிடம் கேட்டதில், பிரஷர் சிகிச்சை ஓரளவோ முழுவதுமோ தடைப்பட்டதாக 53 சதவீத நாடுகள் கூறின. சர்க்கரை சிகிச்சைக்கு அது 49 சதவீதம்.

“ரெண்டு வாரம் மாத்திரை போடவில்லை, ஒன்றும் ஆகவில்லையே?”

ஆகாதது போலத்தான் தெரியும். பிரஷர் ஏறுவது பலருக்கு வெளியே தெரியாது. தெரியும்போது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொற்று வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். 2021-இல் கருப்புப் பூஞ்சை (மூக்கு, கண் வழியே பரவும் பூஞ்சை நோய்) வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்காரர்கள். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையை ஏற்றிவிட்டது.

அரசு என்ன செய்தது?

ஊரடங்கின்போது இரண்டு மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னது. பிறகு 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் (உடற்பயிற்சி வழி வைத்தியம்) உண்டு. உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று சுகாதார நிலையத்தில் இப்போதே கேட்டு, பெயரைப் பதிந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், தொற்றுக் காலம் விட்டுச்சென்ற உருப்படியான பாடம், மாத்திரை வீட்டுக்கே வருவதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள். பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே போய் வாங்குங்கள். மாத்திரையின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமும் பிடித்து வையுங்கள். “வெள்ளை மாத்திரை, காலையில் ஒண்ணு” என்று சொன்னால் வேறு ஊர் டாக்டருக்குப் புரியாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். மாத்திரை தீர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரருடையதைக் கடன் வாங்க வேண்டாம். அவருக்குக் கொடுத்த அளவு உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

இன்சுலின் போடுபவரா? அதை ஐஸ் உறையும் பெட்டியில் வைக்காதீர்கள், கெட்டுவிடும். பிரிட்ஜ் இல்லையென்றால், ஈரம் படாமல் மூடிய டப்பாவில் போட்டு, மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

போகவே முடியாத நாளில் இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவை மூலம் செல்போனிலேயே அரசு டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம். நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழுதல் என்றால் அதெல்லாம் வேண்டாம், உடனே 108.

தறிக்குழியில் கால் வைத்து மிதிப்பவர்களுக்கு இன்னொன்று. சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும், காயம் பட்டது தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால், ஊரில் என்ன தொற்று இருந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு நேரிலேயே போங்கள். செல்போனில் எந்த டாக்டரும் காலைத் தொட்டுப் பார்க்க முடியாது.