கிளுவை முள்ளுக்குத் தோல் கையுறை சரி... மருந்தடிக்க வேண்டாம்!

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு வேலி என்றால் கிளுவைதான். அதை வெட்டிவிடும் நாளில் கையில் கீறல் இல்லாமல் வீடு திரும்புவது அபூர்வம். 'இதற்குத் தோல் கையுறை வாங்கலாமா?' என்று கேட்கும் வாசகர்களுக்கு, தாராளமாக வாங்கலாம். பனியன் துணிக் கையுறை வேர்வையை உறிஞ்சும், முள்ளைத் தடுக்காது. வெல்டிங் பட்டறையில் போடும் நீளமான தோல் கையுறை நன்றாகத் தாங்கும். உடம்புக்குப் பருத்திச் சட்டை போதும். நம் ஊர் சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட்டெல்லாம் சினிமாவோடு சரி!

வேர்வை உப்பு ஏறினால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி வையுங்கள்.

ஆனால், அதே கையுறையோடு பூச்சிக்கொல்லி தெளிக்கப் போகாதீர்கள். தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் முழுதாகப் போகாது. அடுத்த முறை வேலி வெட்டும்போது வேர்வையோடு சேர்ந்து கையில் இறங்கும். தோல் செருப்புக்கும் இதேதான். 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் பாதுகாப்பு உடையே இல்லாமல் தெளித்தவர்கள்.

தெளிப்புக்கு நைட்ரைல் ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, முகக்கவசம் அவசியம். பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் மருந்து வழிந்து காலில் தேங்கும். மருந்து ஊறிய தோல் கையுறையை வெட்டிப் போடுங்கள். அப்படியே போட்டால், வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.