கைக்கேற்ற கருவி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையை மறைப்பதற்காகக் களத்தின்மீதும் கருவியின்மீதும் பழி சுமத்துவோரை எள்ளி நகையாட எழுந்த முதுமொழி இது. ஆயினும், கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் கலையைப் பொறுத்தவரை இம்முதுமொழி பாதி உண்மையே ஆகும். இங்கே கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதுண்டு. கூரிய கண்ணும் நடுங்காத கையும் படைத்த ஒருவர், தமக்குப் பொருந்தாத துப்பாக்கியை ஏந்துவாராயின், ஆண்டுக்கணக்கிற் பயின்றும் தேறாமற் போகலாம். அவர் தம்மையே நொந்துகொள்வார். குற்றமோ பிடியில் இருக்கும்.

நெடுந்துப்பாக்கியை ஏந்துவோருக்கு இத்துன்பம் குறைவு. அதன் கட்டை தோளில் அணைகின்றது. கன்னம் அதன்மேற் சாய்கின்றது. இரு கைகளும் அதனைத் தாங்குகின்றன. கைத்துப்பாக்கிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒலிம்பிக் விதிகளின்படி அதனை ஒரே கையால், எவ்வித ஆதாரமுமின்றி, நீட்டிப் பிடித்தே சுடவேண்டும். மணிக்கட்டுக்குத் துணை நிற்கும் பட்டியோ கட்டோ அணிதல் ஆகாது. ஆகவே, மனிதனையும் கருவியையும் இணைப்பது உள்ளங்கை அளவேயான அந்தப் பிடி ஒன்றுதான்.

இந்த இணைப்பு எத்துணை நுட்பமாக இருத்தல் வேண்டும் என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இலக்கு 10 மீற்றர் தொலைவில் இருக்கும். பத்துப் புள்ளி பெற்றுத்தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மாத்திரமே. துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஓர் அடி, அதாவது 33 சதமமீற்றர் எனக் கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், இலக்கில் சன்னம் 30 மில்லிமீற்றர் விலகிச் செல்லும். பத்தாக இருக்கவேண்டியது ஏழாகிவிடும். ஒரு மில்லிமீற்றர் என்பது மிகச் சிறிய அளவே. விரல் சற்றே கோணலாக விசையை அழுத்தினாலும் அவ்வளவு விலகல் நேர்ந்துவிடும்.

அங்ஙனமாயின், பொருந்தும் துப்பாக்கி எது, பொருந்தாதது எது என்பதை எவ்வாறு அறிவது? முதலாவதாக நோக்கவேண்டியது விசைக்கும் கைக்கும் உள்ள தூரம். பிடியை இறுகப் பற்றிய நிலையில் சுட்டுவிரலின் முதற் கணுவிலுள்ள தசைப்பகுதி விசையின்மேல் இயல்பாக அமைதல் வேண்டும். கை சிறிதாகவும் பிடி பெரிதாகவும் இருந்தால் விரல்நுனி மாத்திரமே விசையைத் தொடும். அப்போது அழுத்தம் நேரே பின்னோக்கிச் செல்லாது பக்கவாட்டில் தள்ளும். கை பெரிதாகவும் பிடி சிறிதாகவும் இருந்தால் விரல் மிகையாகச் சென்று வளைந்து, மறுபக்கமாக இழுக்கும். இரண்டிடத்தும் சுடுபவர் தம் கண்ணையே ஐயுறுவார்.

இரண்டாவது, பிடியின் சாய்வு. இதனைச் சோதிக்கச் சுடுவோர் கையாளும் எளிய முறையொன்று உண்டு. துப்பாக்கியில் ரவை இல்லையென்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையை நோக்கி நின்று, கண்களை மூடியவாறே கையை உயர்த்தி நீட்டவேண்டும். பின்னர் கண்களைத் திறந்து பார்க்கவேண்டும். முன்குறி பின்குறியின் நடுப்பள்ளத்தில் அமைந்திருப்பின், அந்தப் பிடி அந்தக் கைக்கு இசைந்தது. முன்குறி மேலே எழுந்தோ கீழே தாழ்ந்தோ ஒருபுறம் ஒதுங்கியோ நிற்பின், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முறுக்கியே அதனை நேராக்க வேண்டியிருக்கும். ஒரு போட்டியில் 60 ரவைகள். 60 முறை அந்த முறுக்கம். தசை களைத்தவுடன் கை தன் இயல்பான இடத்துக்கே திரும்பிவிடும். புள்ளிகளும் அத்துடன் நழுவிவிடும்.

இக்காரணம் பற்றியே போட்டித் துப்பாக்கிகளின் பிடிகள் பெரும்பாலும் வாதுமை மரம் போன்ற நல்ல மரத்தாற் செய்யப்பட்டு, சிறியது, நடுத்தரமானது, பெரியது என்னும் அளவுகளிலும், வலக்கைக்கும் இடக்கைக்கும் வெவ்வேறாகவும் விற்கப்படுகின்றன. அதன் பின்னும் சுடுபவர்கள் அரத்தால் ஓரிடத்தைத் தேய்த்தும், மரப்பசையால் மற்றோரிடத்தை நிரப்பியும் தம் உள்ளங்கையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அதனைத் திருத்திக்கொள்கின்றனர். நெடுநாட் பழகிய மண்வெட்டிப் பிடி உழவனின் கைக்கு இசைந்து மழமழப்பதுபோல, இப்பிடியும் ஒருவர்க்கே உரியதாகிவிடுகின்றது.

மூன்றாவது, பாரம். விதிகள் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிக்கு 1500 கிராமையும், 25 மீற்றர் போட்டிக்குரிய 5.6 மில்லிமீற்றர்த் துப்பாக்கிக்கு 1400 கிராமையும் மேலெல்லையாக வைத்துள்ளன. ஆனால் எல்லைவரை சென்று பாரமான கருவியைத் தேர்வது அறிவுடைமை ஆகாது. பாரம் மிகுந்தால் கை நிலைத்து நிற்கும் என்பது உண்மை; விரைவிற் களைக்கும் என்பதும் உண்மையே. இளையவர்க்கும் மெலிந்த தோளினர்க்கும் ஒரு கிலோகிராமை ஒட்டிய கருவியே ஏற்றது. பாரத்தின் அளவைவிட அது எங்கே தங்குகின்றது என்பது முக்கியம். குழலின் முனையில் தங்கினால் அசைவு மெதுவாகும். கைக்கு அண்மையில் தங்கினால் இலகுவாகும்.

நான்காவது, கண். ஒவ்வொருவர்க்கும் ஒரு கண் மற்றதை ஆள்கின்றது. இரு கைகளாலும் சிறு துளையொன்றை அமைத்து, அதனூடாகத் தொலைவிலுள்ள பொருளொன்றைப் பார்த்து, பின்னர் கண்களை மாறி மாறி மூடினால், ஆளும் கண் எதுவென்பது தெரியவரும். வலக்கைப் பழக்கமுடையவர்க்கு இடக்கண் ஆளுமாயின், குறிகளின் அமைப்பையும் தலையின் நிலையையும் அதற்கேற்பத் தேர்தல் வேண்டும். நடுவயதைக் கடந்தவர்க்கு மற்றோர் இடர்ப்பாடு: முன்குறி மங்கலாகத் தெரியும். குறிபார்ப்போர் இலக்கையன்று, முன்குறியையே கூர்ந்து நோக்கவேண்டும் என்பது இக்கலையின் அடிப்படை. ஆதலின் அவர்க்கு வேண்டுவது புதிய துப்பாக்கி அன்று. முன்குறியின் தூரத்துக்குப் பொருந்திய கண்ணாடியே.

படைத்துறையினர் இவ்வுண்மையைப் பெருஞ்செலவிற் கற்றனர். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் ஏந்திய வெப்லி சுழல்துப்பாக்கி .455 அங்குல ரவைக்கு உரியது. அதன் பின்னுதைப்பை அடக்கிப் பழக நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. விரைவிற் பயிற்றத்தக்க கருவியை நாடி, 1930களின் தொடக்கத்தில் .38 அங்குலத்துக்குரிய இலகுவான என்பீல்ட் துப்பாக்கியை அவர்கள் ஏற்றனர். அமெரிக்கர் 1911ஆம் ஆண்டு ஏற்ற தம் புகழ்பெற்ற துப்பாக்கியை 1920களிலே திருத்தினர். விசையைக் குறுக்கினர், விசையின் பின்புறத்தே உடலைச் சற்றுச் செதுக்கினர், சிறிய கையினரும் எட்டிப் பிடிக்கவேண்டும் என்பதே நோக்கம். 2017ஆம் ஆண்டு அதே படை புதிதாகத் தேர்ந்த துப்பாக்கியிலோ பிடியையே கழற்றிச் சிறிது, நடுத்தரம், பெரிது என மாற்றிக்கொள்ளலாம். எல்லார்க்கும் ஓரளவு என்னும் கொள்கை இவ்வாறு படிப்படியாகக் கைவிடப்பட்டது.

கருவி பொருந்தவேண்டும் என்பது சரி. ஆனால் கையே மாறிவிட்டால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி தக்காச். 1910ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிற் பிறந்த அவர், வலக்கையால் சுடுவதில் வல்லவராய் விளங்கினார். எனினும் உயர்தர அதிகாரிகள் மாத்திரமே அணியிற் சேரலாம் என்ற விதியினால், சார்ஜன்டாக இருந்த அவர்க்கு 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் வாய்ப்பு மறுக்கப்பட்டது. பின்னர் அவ்விதி நீங்கியது. ஆனால் 1938ஆம் ஆண்டு படைப்பயிற்சியின்போது கைக்குண்டு ஒன்று வெடித்து அவரது வலக்கையைச் சிதைத்தது.

ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையிற் கிடந்து வெளிவந்த தக்காச், ஒருவர்க்கும் அறிவியாமல் இடக்கையாற் பழகத் தொடங்கினார். அது எத்தகைய முயற்சி என்பதை மேற்கூறியவற்றைக் கொண்டு உணரலாம். வலக்கைக்குச் செதுக்கிய பிடி இடக்கையில் அமராது. விரலின் அழுத்தம், மணிக்கட்டின் பூட்டு, தோளின் தாங்கல் அனைத்தும் புதிதாகப் பழகவேண்டியவை. ஆளும் கண் வலக்கண்ணாயின், கண்ணும் கையும் முரண்பட்டு நிற்கும். கையை மாற்றுவோர் கருவியை மாற்றுவதோடு அமையாது, உடல் முழுவதையும் புதிதாகப் பயிற்றவேண்டும்.

1939ஆம் ஆண்டு ஹங்கேரியின் தேசியப் போட்டிக்கு அவர் வந்தபோது, பழைய தோழர்கள் அவர் வேடிக்கை பார்க்க வந்ததாகவே எண்ணி ஆறுதல் கூறினர் என்பர். அவர் போட்டியிட்டார், வென்றார். அதன்பின் உலகப் போர் மூண்டு, 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களும் நடைபெறாது போயின. 1948ஆம் ஆண்டு லண்டன் நகரில் களம் கண்டபோது அவர்க்கு வயது 38. ஆஜென்டீனாவைச் சேர்ந்த உலக வெற்றியாளர் கார்லோஸ் தியாஸ் சாயென்ஸ் வாலியென்டே, எதற்காக வந்தீர் என அவரை வினவினாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் தக்காச். விரைவுச் சூட்டுப் போட்டியில் 600க்கு 580 புள்ளிகள் பெற்று, உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற வாலியென்டே, கற்கவேண்டிய அனைத்தையும் அவர் கற்றுவிட்டதாகப் பாராட்டினார் என்பது வழக்கு. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் தக்காச் அதே போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார்.

ஒருவர்க்கு இசைந்தது மற்றவர்க்கு இசையாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலே கொரியாவின் கிம் யே-ஜி, ஒரு கண்ணுக்குத் தனி வில்லையும் மறு கண்ணுக்கு மறைப்பும் அணிந்து சுட்டு வெள்ளி வென்றார். துருக்கியின் யூசுப் திகெச், நாள்தோறும் அணியும் கண்ணாடியோடு, இரு கண்களையும் திறந்தபடி சுட்டுக் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். ஆடம்பரக் கருவி வெற்றி தரும் என்பதும், ஒன்றுமில்லாதிருப்பதே வீரம் என்பதும் இரண்டும் மயக்கமே. தமக்கு எது இசையும் என இருவரும் அறிந்திருந்தனர்.

ஆகவே இக்கலையிற் புகுவோர் விலைப்பட்டியலைக் கண்டு மயங்குதல் தகாது. முதலிற் கழகத்தின் துப்பாக்கிகளுள் பலவற்றைப் பயிற்றுநரின் முன்னிலையிற் கையாண்டு, எது தம் கையில் மறைந்துவிடுகின்றது எனக் காணவேண்டும். ஏந்திய நினைவே எழாத கருவிதான் பொருந்திய கருவி. ரவை இருப்பினும் இல்லாவிடினும் குழலை ஆள்மீது நீட்டாமை, குறிபார்க்கும் வரை விரலை விசையில் வைக்காமை ஆகிய இரு விதிகளும் அதற்கு முன்னரே கைவரப்பெறவேண்டும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும் என்பதும் மறக்கற்பாலதன்று.

கூடம் கோணலா என்று முதலில் அளந்து பார்த்தல் நாணத்துக்குரியது அன்று. கோணலாயின் அதனை நேராக்கவேண்டும். நேராக்கிய பின்னரும் ஆட்டம் வாராவிடின், அப்போது முதுமொழியை நினைந்து பயிற்சிக்குத் திரும்பவேண்டியதே. தக்காச் அவ்வாறே திரும்பினார்; அவர்க்குக் கூடம் மட்டுமன்று, காலும் மாறியிருந்தது.