ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் சாமி சிலை... அசத்தும் அரும்பாவூர்!

உங்கள் வீட்டில் மரத்தாலான பிள்ளையார் சிலை இருக்கிறதா? அது அரும்பாவூரில் பிறந்ததாக இருக்கலாம். சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்தின் பச்சைமலைப் பகுதியில் இருக்கிறது இந்த ஊர். மரச்சிற்பம்தான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் உருவத்தை வரைந்து, உளியால் செதுக்குகிறார்கள். ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் சிலை செய்வதுதான் இவர்களின் தனித்துவம். மரம் சரியாகக் காயாவிட்டால் சிலை வெடித்துவிடும். ஒரு விரல் உடைந்தாலும் பல நாள் உழைப்பு வீண்!

2020-ல் இந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த சிலையை இனி ‘அரும்பாவூர்’ பெயரில் விற்கக் கூடாது. ஆனால், குறியீடு பெயரைத்தான் காக்கும். தொழில் நிலைக்க, அடுத்த தலைமுறையும் உளி பிடிக்க வேண்டும். அதற்குக் கட்டுப்படியாகும் கூலி வேண்டும்.

அடுத்தமுறை மரச்சிலை வாங்கும்போது, எந்த ஊரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்!