உடன்பிறந்தாள் உரிமை

மலாய் மொழியில் உடன்பிறந்தாரைக் குறிக்கும் 'சவுடாரா' என்னும் சொல்லும், தமிழில் வழங்கும் 'சகோதரர்' என்னும் சொல்லும் வடமொழி வழியே வந்தவை. ஒரு வயிற்றில் பிறந்தோர் என்பதே இரண்டின் பொருளும். சொல் மட்டுமன்று, மணமான பின்னும் உடன்பிறந்தாளைக் கைவிடலாகாது என்னும் எண்ணமும் இரு மக்களுக்கும் பொது. அதனை நெகிரி செம்பிலானில் நன்கு காணலாம்.

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையைக் கடந்தால் ஜெலுபு மாவட்டத்தின் தலைநகராகிய கோலா கிளாவாங் வரும். இவ்வட்டார மலாய்க்காரர் பின்பற்றும் 'அடாட் பெர்பாத்தே', சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் கொணர்ந்த தாய்வழி முறையாகும். குலத்தைச் 'சூக்கு' என்பர். ஒரே சூக்குவினர் தம்முள் மணப்பதில்லை. மூதாதையர் நிலம் பெண்மக்களுக்கே உரியது. மணமகன் மனைவியின் ஊருக்குச் செல்வான். சென்றாலும் தன் தாய்க்குலத்தின் காரியங்களில் அவனுக்குள்ள குரல் போய்விடுவதில்லை. அந்நிலம் குலத்தை விட்டு வெளியேறாதிருக்க 1909-இல் சட்டம் செய்தனர். 1926-இல் அதனைத் திருத்தினர். ஜெலுபுவின் தலைவராகிய உண்டாங்கின் பதவியும் மகனுக்குச் செல்வதன்று. தாய்வழியில், உடன்பிறந்தாள் பெற்ற ஆண்மக்கள் பக்கமே செல்வது. மாநில அரசரைத் தேர்ந்தெடுக்கும் உண்டாங்குகள் நால்வர். அவருள் இவரும் ஒருவர். ஆகவே, இதனை வீட்டு வழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தமிழர் வழக்கில் நிலம் ஆண்மக்களிடம் நின்றது. பெண் புகுந்த வீடு சென்றாள். அவளைத் தொடர்ந்து சென்றது சீர். குழந்தைக்குக் காது குத்துவது மாமன் மடியில். பெண் பூப்பெய்தினால் முதற்சீர் மாமனுடையது. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில், தாய்மாமனைத் தந்தையின் மைத்துனனாகவே கொண்டார். வழிவழித் தொடரும் மண உறவே இதன் அடிப்படை என்றார். நுட்பமான கருத்துத்தான். ஆயினும், தட்டைத் தூக்கி வருபவனைக் கேட்டால் மைத்துனனுக்காக வந்தேன் என்பானா, அக்காளுக்காக வந்தேன் என்பானா?

நிலம் பெறாத பெண்ணுக்குச் சீர் ஓர் ஈடு என்பாரும் உளர். அங்ஙனமாயின், ரப்பர்த் தோட்டங்களில் அது மறைந்திருக்க வேண்டும். அங்கே அண்ணனுக்கும் நிலமில்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். இருந்தும் அவன் பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துச் சீர் கொண்டுபோனான். கங்காணிகள் தத்தம் ஊரிலேயே ஆள் சேர்த்ததால் உறவினர் பலர் ஒரே தோட்டத்துக்கு வந்தனர். 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே ஆள் போக்குவரத்து சுருங்கியபோது, கூடவந்த அண்ணனே பெண்ணுக்குப் பிறந்தகம் ஆனான். பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு அண்ணன் ஓரூரும் தங்கை ஓரூருமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. பிரிந்தவர்கள் சீருக்காகவேனும் பேருந்து ஏறினர்.

இவ்வழக்கைச் சட்டமும் மதித்தது. 1976-இல் இயற்றப்பட்டு 1982-இல் நடைமுறைக்கு வந்த மலேசியத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் கூடாதென்கிறது. வழக்கமுள்ள இந்துக்கள் உடன்பிறந்தாள் மகளை மணப்பதற்கு விலக்கு அளிக்கிறது. இம்மணத்தை இளைஞர் இன்று அவ்வளவாக நாடுவதில்லை. காது குத்துவதற்கோ இன்னும் மாமனைத்தான் தேடுகிறார்கள்.