கேட்கும் வயது பதினான்கு மாதம்

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் ஓர் ஓட்டு வீடு. காலை ஏழு மணி. நாலு வயதுப் பையனுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவன் முன்னால் எவர்சில்வர் கிண்ணம், கையில் புளியங்கொட்டைகள். "ஆ" என்கிறார் அம்மா. ஒரு கொட்டை கிண்ணத்தில் விழுகிறது. "ஈ." விழுகிறது. "ஊ", "ம்", "ஷ்" மூன்றுக்கும் விழுகிறது. "ஸ்." கை அசையவில்லை. அம்மா அவன் காதோரத்து மெஷினைக் கழற்றி, மைக்கில் படிந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டி, திரும்ப மாட்டி, அதன் காயிலைத் தலையில் ஒட்டவைத்து மறுபடி "ஸ்" என்கிறார். டங்.

இந்த ஆறு ஒலிச் சோதனை முடியாமல் அந்த வீட்டில் காலை டிபன் கிடையாது.

பையனுக்குப் பொருத்தியிருப்பது காக்ளியர் இம்ப்ளான்ட். அது என்றாலே எல்லோரும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆபரேஷன் சீக்கிரம் சொல்லி முடிகிற கதை. முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம், காதுக்குப் பின்னால் ஒரு கீறல், எலும்பைக் குடைந்து உள்காதுக்குள் எலக்ட்ரோடு. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. சிலருக்குக் கொஞ்ச நாள் தலைசுற்றும், நாக்கில் ருசி மாறும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை முன்பே போட்டுவிட வேண்டும். அந்தக் காதில் மிச்சமிருந்த கேட்கும் திறனும் போய்விடக்கூடும். கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புண் ஆற மூன்று, நாலு வாரம். அப்புறம்தான் மெஷினை முதன்முதலாக இயக்கும் 'ஸ்விட்ச் ஆன்'. சொந்தபந்தமெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், குழந்தை சிரிக்கும் என்று. "சிரிக்கலக்கா, மெஷினைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வீரிட்டு அழுதான்" என்றார் இந்த அம்மா. பிறந்ததிலிருந்து ஓசையே அறியாத மூளைக்கு முதல் நாள் வந்து சேருவது வார்த்தை அல்ல, ஏதோ ஒரு குடைச்சல். மேப்பிங்குக்குத் திரும்பத் திரும்பப் போய் மெஷினின் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்து, ஏ.வி.டி. எனும் பேச்சுப் பயிற்சியில் ஒவ்வொரு சொல்லாகக் காதுக்குப் பழக்க வேண்டும். பையனுக்கு வயது நாலு. கேட்கும் வயது பதினான்கு மாதம். ஸ்விட்ச் போட்ட நாளிலிருந்துதான் அதற்குக் கணக்கு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. பல லட்ச ரூபாய்ச் சிகிச்சை ஏழை வீட்டுக்கும் எட்டியிருக்கிறது, பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு உறுத்துவது பஸ் டிக்கெட். பையனின் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிக் கடலூர், அங்கிருந்து புதுச்சேரி. பயிற்சிக்குப் போய்வந்தால் பகல் முழுக்கப் போச்சு. மேப்பிங்குக்குச் சென்னை என்றால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். "ரெண்டு பேரும் போனா ரெண்டு கூலி போச்சு. நான் வீட்டு வேலைக்குப் போறதையே விட்டுட்டேன்" என்கிறார் அம்மா. ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரமும் விட்டுப்போகும். அப்படியே பயிற்சி நின்றால், தலைக்குள் விலையுயர்ந்த கருவி இருந்தும் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போகலாம். ஆபரேஷனுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு போதும். நெய்வேலி, விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு வாரம் ஒருமுறையாவது ஒரு பயிற்சியாளர் வந்துபோகலாம். இதைச் சொல்ல நிபுணர் குழு எதற்கு?

மெஷினைக் காப்பாற்றுவது தனிப் பாடு. மே மாத வெயிலில் வழியும் வியர்வை அதற்கு ஆகாது. ராத்திரி, ஈரம் உறிஞ்சும் குளிகை போட்ட டப்பாவில் மூடி வைக்கிறார்கள். குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். ஒயர் அறுந்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். வாரன்டி முடிந்தபின் பிராசஸரே, அதாவது காதோரத்து மெஷினே, போனால் லட்சத்தில் பேச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அம்மா கெஞ்சுவது ஒன்றுதான்: "அவன் தலையில மட்டும் அடிக்காதீங்கடா."



ஒலிச் சோதனை முடிந்து பையன் அடுக்களைக்கு ஓடுகிறான். குக்கர் விசில் அடித்ததும் காதைத் தொட்டுக் காட்டி, "த்தம்" என்கிறான். "சத்தம்" என்று திருத்துகிறார் அம்மா, "ச"வை அழுத்தி. சுவரில் தினசரிக் காலண்டர். பதினேழாம் தேதித் தாளின் ஓரத்தில் பேனாவால் 'மேப்பிங்' என்று எழுதியிருக்கிறது. அன்று அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்.