வேலை கேட்டு எழுதிய இருவர்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் 'பயோடேட்டா' எனப்படும் தன்விவரக் குறிப்பு ஒன்றை அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர், படிப்பு, பார்த்த வேலைகள் என்று வரிசையாக எழுதுவதே வழக்கம். ஆனால், எழுதும்படியான அனுபவம் இல்லாதவர் என்ன செய்வது? அறிவியல் வரலாற்றில் இருவர் இதற்கு விடை கண்டனர்.

முதலாமவர் லியனார்டோ டாவின்சி. இத்தாலியின் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்க, 1482-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கடிதம் தயாரித்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 30, ஓவியராக அறியப்பட்டவர். ஆனால் அது போர்கள் மலிந்த காலம். ஆட்சியாளருக்குத் தேவை எது என்று அவர் யோசித்தார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கி, மூடிய போர் வண்டி என்று தம்மால் செய்யக் கூடியவற்றை எண்ணிட்டு எழுதினார். பத்தாவதாகத்தான் கட்டடக்கலை வருகிறது. ஓவியம் அதற்கும் பிறகே! ஐயமிருந்தால் செய்து காட்டத் தயார் என்றும் குறிப்பிட்டார். இது திறமைகளை முன்வைக்கும் முறை.

இரண்டாமவர் மைக்கேல் பாரடே. லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகியவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. 1812-இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்புகளைப் படங்களுடன் விரிவாக எழுதி, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். உடனே வேலை கிடைக்கவில்லை. சில மாதங்களில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் இடம் காலியாயிற்று. 1813 மார்ச்சில் பாரடே அதில் சேர்ந்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் இவரே! இது செய்த வேலையையே சான்றாகக் காட்டும் முறை.

ஒரே துறையில் தொடர்ந்து பணியாற்றியவருக்குக் கால வரிசை பொருந்தும். அண்மைய வேலையை முதலில் எழுதுவார்கள். துறை மாறுபவருக்கு லியனார்டோவின் வழி உதவும். புதிதாக வேலை தேடுபவருக்குப் பாரடேயின் வழி கைகொடுக்கும். எம்முறையாயினும் ஒரு நிபந்தனை உண்டு. எழுதியதைச் செய்து காட்டச் சொன்னால் செய்ய முடிய வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் செய்த மாதிரி, நாள்தோறும் குறித்த மழையளவு, பழுது பார்த்த மிதிவண்டி ஆகியவை எல்லாம் சான்றுகள்தாம். இன்றே ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதத் தொடங்கலாமே!